எண்பதாம் எண் சாலையில் ஒரு செனட் தொகுதி

அலபாமா மாநிலத்தின் செல்மா நகரிலிருந்து தலைநகர் மாண்ட்கமரிக்குப் போகும் அமெரிக்க நெடுஞ்சாலை எண் 80இன் நகர வழித்தடம், ஊரைவிட்டு வெளியேறும்போதே ஒரு பாலத்தில் ஏறுகிறது. அலபாமா ஆற்றின்மேல் வளைந்து நிற்கும் அந்த இரும்புப் பாலத்தின் நெற்றியில் எட்மண்ட் பெட்டஸ் என்ற பெயர் கறுப்பு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி அவர். பின்னாளில் வாஷிங்டன் செனட்டிலும் உறுப்பினராக இருந்தார். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களை மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அடித்து விரட்டியது இந்தப் பாலத்தின் மறுகரையில்தான். செல்மா வருகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பாலத்தைத் தாண்டி மாண்ட்கமரி வரை நீளும் 54 மைலில், அமெரிக்க ஜனநாயகத்தின் இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது மாநில செனட்டின் ஒரு தொகுதியைப் பற்றியது. ஒரு தொகுதிக்கு எடை கிடைப்பது அதில் எண்ணப்பட்டவர்களால். அந்த எடையைக் கையாளும் அதிகாரமோ வாக்களிக்க விடப்பட்டவர்களுக்கு மட்டும். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் நடுவே எவ்வளவு தூரத்தை உண்டாக்கி வைக்கலாம் என்பதைச் சுற்றியே அலபாமா செனட்டின் தேர்தல் வரலாறு முழுவதும் நடந்திருக்கிறது.

கதை கறுப்பின மக்களின் தோல்வியில் தொடங்கவில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து வாக்குரிமை கிடைத்த சில ஆண்டுகளுக்குள் செல்மா, அடிமையாகப் பிறந்த பெஞ்சமின் டர்னரை வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடிமையாகவே பிறந்த ஜெரமையா ஹாரல்சன் 1872இல் இந்தப் பகுதியிலிருந்து மாநில செனட்டுக்குப் போனார். அந்த வாசல் அடைபட்டது தானாக அல்ல. 1901இல் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு எழுதக் கூடிய மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ், சட்டத்தின் வரம்புக்குள் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டுவதே நோக்கம் என்று தொடக்க உரையிலேயே அறிவித்தார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, கட்டத் தவறினால் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும் வாக்குவரி என்று தடைகள் அடுக்கப்பட்டன. இந்த அரசியலமைப்பு எப்படி நிறைவேறியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பொதுவாக்கெடுப்பில் ஆதரவாக 108,613 வாக்குகளும் எதிராக 81,734 வாக்குகளும் பதிவாயின. செல்மா அடங்கிய டாலஸ் கவுன்டி (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது), அண்டையிலுள்ள ஹேல், வில்காக்ஸ் ஆகிய மூன்றில் மட்டும் ஆதரவு 17,475, எதிர்ப்பு 508. அந்த மூன்று கவுன்டிகளிலும் சேர்த்து வாக்களிக்கும் வயதுள்ள வெள்ளை ஆண்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. தங்கள் வாக்குரிமையைத் தாங்களே பறித்துக்கொள்ளும்படி கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வாக்களித்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது என்பதைத் தவிர இந்த எண்களுக்கு வேறு பொருள் இல்லை. அவர்களை வெளியேற்றும் சட்டமே அவர்கள் பெயரில்தான் நிறைவேறியது.

செல்மாவைத் தாண்டிக் கிழக்கே சில மைல் போனதும் லவுண்ட்ஸ் கவுன்டி தொடங்குகிறது. ஒரு காலத்தில் பருத்தி மட்டுமே விளைந்த கரிய களிமண் நிலம்; இன்று மேய்ச்சல் புல்லும் பைன் மரங்களும், சாலையிலிருந்து தள்ளித்தள்ளி நிற்கும் தகர வீடுகளுமாகத் தெரிகிறது. 1901 ஏற்பாட்டின்படி அலபாமா செனட்டில் 35 உறுப்பினர்கள். எந்தக் கவுன்டிக்கும் ஒருவருக்குமேல் கிடையாது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டித் தொகுதிகளைத் திருத்த வேண்டும் என்று அதே அரசியலமைப்பு சொன்னது. அறுபது ஆண்டுகளாக யாரும் திருத்தவில்லை. அதற்குள் பர்மிங்காம் இரும்பு ஆலைகளின் நகரமாக வளர்ந்திருந்தது. 1960 கணக்கெடுப்பில் பர்மிங்காம் அடங்கிய ஜெஃபர்சன் கவுன்டியில் 634,864 பேர். அவர்களுக்கு ஒரு செனட்டர். லவுண்ட்ஸில் 15,417 பேர். அவர்களுக்கும் ஒரு செனட்டர். ஒரு வாக்குக்கு இன்னொரு வாக்கைப்போல நாற்பத்தொரு மடங்கு மதிப்பு. மாநில மக்களில் 25.1 விழுக்காட்டினர் வாழும் பகுதிகளே செனட்டில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

இந்தக் கணக்கைச் சொல்லும் பாடநூல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நகரத்துக்கு அநியாயம், கிராமத்துக்கு ஆதாயம் என்று எழுதி முடித்துவிடுகின்றன. லவுண்ட்ஸின் மண்ணில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு பாதிதான். அந்த 15,417 பேரில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பின மக்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. வெள்ளையர் பெயர்களோ, வாக்களிக்கும் வயதுள்ள வெள்ளையர்களின் எண்ணிக்கையையும் மிஞ்சிப் பட்டியலில் இருந்தன. இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் நீக்கப்படவில்லை. அப்படியானால் அந்த செனட் இடம் பதினைந்தாயிரம் பேருடையது அல்ல. நில உரிமையாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமான ஒரு சிறு கூட்டத்தினுடையது. குடும்ப அட்டையில் பத்துப் பேர் பெயரைக் காட்டி அரிசி வாங்கி, இருவர் மட்டும் உலை வைத்துக்கொண்டதற்குச் சமம் இது. நாற்பத்தொரு மடங்கு என்று நீதிமன்ற ஆவணங்கள் சொல்லும் விகிதம், வாக்களிக்க முடிந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இன்னும் பல மடங்கு ஏறும்.

வழக்கைத் தொடுத்தவர்கள் லவுண்ட்ஸ்காரர்கள் அல்ல. 1961இல் பர்மிங்காமைச் சேர்ந்த வெள்ளை வழக்கறிஞர்களும் வணிகர்களும் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவரான சிம்ஸின் பெயரும், எதிர்த் தரப்பில் தேர்தல் பொறுப்பிலிருந்த டாலஸ் கவுன்டி நீதிபதி ரெனால்ட்ஸின் பெயரும் சேர்ந்து அது ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கு ஆனது. நெருக்கடி வந்ததும் மாநிலச் சட்டமன்றம் முன்வைத்த மாற்று, அதன் மனப்போக்கைக் காட்டுகிறது. கவுன்டிக்கு ஒருவர் வீதம் 67 செனட்டர்கள் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த அந்த ஏற்பாட்டில் 19.4 விழுக்காடு மக்களே செனட்டில் பெரும்பான்மையை நிர்ணயித்திருக்கலாம். பழைய ஏற்பாட்டையும்விட மோசம். 1964 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் மனிதர்களின் பிரதிநிதிகளே தவிர, மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் பிரதிநிதிகள் அல்ல என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார்.

இத்தீர்ப்புக்கு அன்றும் இன்றும் சொல்லப்படும் மறுப்பு ஒன்று உண்டு. எண்ணிக்கை ஒன்றையே அளவாக வைத்தால் பெருநகரங்கள் கிராமங்களை விழுங்கிவிடும். விவசாயிக்கும் சிற்றூருக்கும் தனிக் குரல் வேண்டாமா என்பது அது. நியாயமான கவலை, தள்ளிவிடக் கூடியதல்ல. ஆனால் லவுண்ட்ஸை வைத்து அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அறுபது ஆண்டுகள் அளவுக்கு மீறிய குரல் இந்தக் கிராமத்துக்கு இருந்தது. அந்தக் குரல் வயலில் வேலை செய்தவர்களுக்காக என்ன கேட்டது? நிலவரி உயராமல் பார்த்துக்கொண்டது. வரி உயராததால் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளுக்குப் பணம் வரவில்லை. படிக்காதவருக்கு எழுத்தறிவுத் தேர்வில் வாக்கு மறுக்கப்பட்டது. வாக்கில்லாததால் அந்த செனட்டரை யாரும் கேள்வி கேட்கவில்லை. கிராமத்தின் குரல் என்று சொல்லப்பட்டது, கிராமத்தில் நிலம் வைத்திருந்தவரின் குரல். கிராமத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது எதிர்க்குரல்.

இன்னொரு மறுப்பு தமிழ் வாசகருக்கே எழும். மக்கள்தொகைப்படி இடம் என்பது இவ்வளவு நேர்மையான கொள்கையென்றால், மக்களவைத் தொகுதிகளை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பங்கிடக் கூடாது என்று தமிழ்நாடு வாதிடுவது எப்படி? அலபாமாவின் வழக்கறிஞர்களும் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார்கள்: சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் வாஷிங்டன் செனட்டில் இரண்டிரண்டு இடம் இருக்கும்போது, கவுன்டிகளுக்கு மட்டும் ஏன் கூடாது? வாரனின் பதில் இரண்டுக்கும் பொருந்துகிறது. மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் செய்து உருவாக்கியது கூட்டாட்சி; கவுன்டியோ மாநில அரசு தன் வசதிக்கு வகுத்துக்கொண்ட நிர்வாகப் பிரிவு. இந்தியாவில் 1976இன் 42ஆவது திருத்தம் நிறுத்திவைத்து, 2001இன் 84ஆவது திருத்தம் 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது, மாநிலங்களுக்கு இடையே இடங்களை மறுபங்கீடு செய்வதை. மாநிலத்துக்குள்ளே தொகுதிகளைச் சமப்படுத்தும் பணி ஒரேயடியாக நின்றுவிடவில்லை. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் தமிழ்நாட்டின் எல்லைகள் திருத்தப்பட்டன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே இடங்களை இழக்கலாமா என்பது கூட்டாட்சிக்குள் பேசி முடிக்க வேண்டிய வழக்கு. லவுண்ட்ஸ் வழக்கு வேறு: அங்கே சட்டம் திருத்தச் சொல்லியும் திருத்த மறுத்தார்கள், எண்ணப்பட்ட மக்களையே பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள் ஒன்றுக்கு மற்றதைச் சாட்சியாக்கித் தவறு செய்கிறார்கள்.

எல்லைக்கோடு திருத்தப்பட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்பதற்கு, நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் வரும் ஹெய்ன்வில் என்ற சிற்றூரில் விடை இருக்கிறது. கவுன்டியின் தலைமையிடம் அது. 1850களில் கட்டிய வெள்ளை நிற நீதிமன்றம் இன்னும் அதே சதுக்கத்தில், அதே வேலைக்காக நிற்கிறது. ரெனால்ட்ஸ் தீர்ப்பு வெளிவந்த 1964 ஜூனில், இந்த ஊரைப் பொறுத்தவரை, ஒருவருக்கும் ஒரு வாக்கும் கூடிவிடவில்லை. வாக்காளர் பட்டியல் பழையபடியே இருந்தது. 1965 மார்ச் 25 இரவு, செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த பேரணியில் வந்தவர்களைக் காரில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்த வயோலா லியூஸோ என்ற டெட்ராய்ட் பெண் இதே கவுன்டியில், 80ஆம் எண் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நினைவுக் கல்லைச் சுற்றி இன்று இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் கொடியை அந்தக் கல்லின்மேலேயே வண்ணத்தில் வரைந்தவர்கள் உண்டு. ஆகஸ்ட் 20 அன்று ஜோனதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஹெய்ன்விலில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவரை, முழுக்க வெள்ளையர்களால் ஆன நடுவர் குழு இந்த வெள்ளைக் கட்டடத்தில்தான் விடுவித்தது. வாக்காளர் பட்டியலை நிரப்பிய அதே வெள்ளையர் சமூகத்திலிருந்துதான் நடுவர்களும் வந்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், செனட் தொகுதிக்கும் கொலை வழக்குக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

பட்டியல் திறந்தது 1965 ஆகஸ்ட் 6இன் வாக்குரிமைச் சட்டத்தால். சட்டம் கையெழுத்தான சில நாட்களுக்குள் மத்திய அரசின் பதிவாளர்கள் லவுண்ட்ஸுக்கு வந்தார்கள். பதிவு செய்த குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்து அந்தக் குடும்பங்கள் தங்கின. அந்த இடத்தில் இன்று தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த தடை வாக்குச் சீட்டிலேயே இருந்தது. அலபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு அன்று சின்னம் ஒரு வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாதிக்கம் என்ற முழக்கம் 1966 தொடக்கம் வரை அதோடு அச்சானது. அந்தச் சேவலுக்கு வாக்களிக்க மனமில்லாமல் ஜான் ஹியூலெட்டும் உள்ளூர்க்காரர்களும், ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற மாணவர் இயக்கத்தினரும் சேர்ந்து தனிக் கட்சி தொடங்கினார்கள். கறுஞ்சிறுத்தையைச் சின்னமாக எடுத்தார்கள். 1966 நவம்பரில் அவர்கள் நிறுத்திய எல்லோரும் தோற்றார்கள். 1970இல் ஹியூலெட் கவுன்டியின் ஷெரீஃப் ஆனார். காவல் அதிகாரம் அந்தக் கவுன்டியில் முதன்முறையாக, முன்பு எண்ணிக்கைக்கு மட்டும் பயன்பட்டவர்களின் கைக்கு வந்தது.

எல்லையும் பட்டியலும் தனித்தனியாகத் திறந்தால் போதாது என்பதற்கு இன்னொரு சான்று, தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே கிடைத்தது. மக்கள்தொகையைச் சமமாக்கச் சட்டமன்றம் வரைந்த புதிய வரைபடத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த மேக்கன் கவுன்டியை வெள்ளையர் பெரும்பான்மைக் கவுன்டிகளோடு தேவையில்லாமல் ஒட்டியிருந்தார்கள். எண்களை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒரு கறுப்பினத்தவர் கீழவைக்கு வந்துவிடக் கூடாது என்பதே அந்த இணைப்பின் ஒரே நோக்கம் என்று 1965இல் மாண்ட்கமரியின் மத்திய நீதிபதிகள் கண்டறிந்து அதை ரத்து செய்தார்கள். அந்த அமர்வில் இருந்தவர் ஃபிராங்க் ஜான்சன். செல்மா பேரணியை அனுமதித்து, இருவழிச் சாலையாக இருந்த லவுண்ட்ஸ் பகுதியில் 300 பேர் மட்டும் நடக்கலாம் என்று உத்தரவிட்டவரும் அவரே. செனட்டில் பல உறுப்பினர்களை ஒரே பெருந்தொகுதியில் தேர்ந்தெடுக்கும் முறை மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 1974இல்தான், ஒருவருக்கு ஒரு தொகுதி என்று ஆன பிறகு, உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் முதல் கறுப்பின செனட்டர்கள் ஜெஃபர்சன் கவுன்டியிலிருந்து வந்தார்கள். செல்மா பகுதிக்கு இன்னும் காத்திருப்பு: செல்மா வழக்கறிஞர் ஹேங்க் சான்டர்ஸ் 1983இல் செனட்டுக்குள் நுழைந்தபோது, ஹாரல்சன் காலத்திலிருந்து நூற்றுப் பதினொரு ஆண்டுகள் ஓடியிருந்தன.

சான்டர்ஸ் 2018 வரை அந்த இருக்கையில் இருந்தார். மாநிலத்தின் கல்வி வரவு செலவுத் திட்டத்தைக் கவனிக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தார். அவருக்குப் பின் அவர் மகள் வென்றார். ஒரே குடும்பத்தில் தொகுதி தங்குவது நல்லதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் வாக்காளர்கள், 2022இல் அவர்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். லவுண்ட்ஸ் இன்று தனித் தொகுதி அல்ல. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள் 10,311 பேர். ஒரு செனட் தொகுதிக்கோ ஏறத்தாழ 143,500 பேர் வேண்டும். பல கவுன்டிகள் சேர்ந்த 23ஆம் தொகுதியின் ஒரு மூலை அது. எடை குறைந்தது உண்மை. ஆனால் முதல்முறையாக அந்த எடை அங்கு வாழ்பவர்களுடையது.

வாக்கு வந்து என்ன கண்டார்கள் என்று கேட்பவர்களுக்கு லவுண்ட்ஸ் ஒரு கடினமான காட்சியை வைத்திருக்கிறது. பல வீடுகளின் பின்புறத்தில் கழிவறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியே வருகிறது. சில அடி ஓடி, முற்றத்திலோ ஓடையிலோ முடிகிறது. கரிய களிமண் நீரை உறிஞ்சாது. சாதாரணக் கழிவுத்தொட்டி மழைக்காலத்தில் பின்னோக்கிப் பொங்கி வீட்டுக்குள் வருகிறது. இந்த மண்ணுக்கு ஏற்ற தொட்டியின் விலை இங்குள்ளவர்களின் வருமானத்துக்கு எட்டாது. லவுண்ட்ஸில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதைப் பல ஆண்டுகள் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். 2023 மே மாதம் மத்திய அரசின் நீதித் துறை இது குறித்து மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025 ஏப்ரலில் புதிய நிர்வாகம் அதைக் கைவிட்டது. வாக்கு பயனற்றது என்பதற்கு இது சான்று அல்ல. அறுபது ஆண்டுகள் நிலவரியைக் குறைத்தே வைத்திருந்த செனட்டின் பாக்கி இது. கறுப்பின வாக்காளர்கள் கவுன்டி அலுவலகங்களைப் பிடிக்கத் தொடங்கிய எழுபதுகளில், 1972லும் 1978லும், சொத்துவரிக்கான உச்சவரம்புகள் மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைக்கப்பட்டன. உள்ளூரில் வென்றவர்கள் கஜானாவைத் திறக்க முடியாதபடி சாவி மாண்ட்கமரியில் வைக்கப்பட்டது. அலபாமாவின் சொத்துவரி இன்றும் அந்த நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று.

சாலை முடியும் மாண்ட்கமரியில், கடைசி மறுப்பையும் பார்த்துவிடலாம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வரும்படி தொகுதி வரைவதும் இனத்தைப் பார்த்துக் கோடு போடுவதுதானே, பழைய தவறுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்கிறார்கள். அந்நகரின் 26ஆம் செனட் தொகுதி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 2010 கணக்கெடுப்புக்குப் பின் மக்கள்தொகையைச் சமப்படுத்த அதில் 15,785 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் வெள்ளையர் வெறும் 36 பேர். வாக்குரிமைச் சட்டம் கறுப்பின விழுக்காட்டைக் குறைக்க விடாது என்று காரணம் சொன்னார்கள். ஏற்கனவே எளிதாக வெல்லும் தொகுதியில் மேலும் மேலும் கறுப்பின வாக்காளர்களை அடைத்தால், சுற்றியுள்ள தொகுதிகளில் அவர்களுடைய வாக்குக்கு வேலை இல்லாமல் போகும். சட்டம் கேட்பது ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை அல்ல, தாங்கள் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. தீர்ப்பின் தேதி 2015 மார்ச் 25. செல்மாவிலிருந்து நடந்தவர்கள் மாண்ட்கமரியின் சட்டமன்ற மாளிகை முன் வந்து நின்று சரியாக ஐம்பது ஆண்டுகள். இனத்தைக் கவனிப்பதில் இல்லை வேறுபாடு. ஒரு கோடு, எண்ணப்பட்டவர்களின் வாக்குப் பயன்படும் இடங்களைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். 23ஆம் தொகுதி கூட்டியது. 26ஆம் தொகுதியின் புதிய எல்லை குறைத்தது.

2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு 26ஆம் தொகுதி உட்பட பன்னிரண்டு தொகுதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நிராகரித்தது. சட்டமன்றம் திருத்தி வரைந்தது. 2020 கணக்கெடுப்புக்குப் பின் மீண்டும் வரைந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய நீதிமன்றம் ஒன்று, மாண்ட்கமரி வட்டாரத்தின் செனட் எல்லைகள் கறுப்பின வாக்குகளின் வலுவைக் குறைக்கின்றன என்று மறுபடி தீர்ப்பளித்தது. மாநில அரசு அதையும் எதிர்த்து வாதாடத் தயாரானது.